என்ன சமைக்கலாம்

பாதி ஆயுளை மனநல மருத்துவமனையில் கழித்த செங்கமலத்தை, ஒரு தொண்டு நிறுவனம் சாதாரணத் தெருவொன்றில் தான் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுக்கு அழைத்து வந்தது. அவளைப் போலவே வந்த சில பெண்களும், கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ளும் ரெஜினாவும் அங்கே இருந்தார்கள். மறுநாள் காலை ரெஜினா காய்கறிக் கூடையை அவள் முன் வைத்து, "இன்னைக்கு உங்க முறைக்கா. என்ன சமைக்கலாம்?" என்றாள். செங்கமலம் தலை குனிந்துகொண்டாள். இத்தனை வருடமும் தட்டு வரும், தின்பாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்டதில்லை. "நீங்களே சொல்லுங்க" என்றாள். "நான் சொன்னா அது என் சாப்பாடா ஆயிரும்க்கா" என்று ரெஜினா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். சோறு வடித்தாயிற்று. வெயில் ஏறியது. அங்கே முன்பே வந்திருந்த உமையாள் பசி தாங்காமல், "ஒரு ரசத்தையாவது வெச்சுத் தொலைங்களேன்" என்று முனகினாள். ரெஜினா எழுந்திருக்கவில்லை. அவள் வயிறு இரைவது செங்கமலத்துக்குக் கேட்டது. தான் ஒரு வார்த்தை சொல்வதற்காக ஒருத்தி பசியோடு காத்திருப்பதை அவளால் நம்ப முடியவில்லை. கை மெல்லக் கூடைக்குள் போயிற்று. தக்காளியைத் தொட்டுவிட்டு விலகியது. கத்தரிக்காயைக் காம்போடு பிடித்துத் தூக்கியது. "புளிக்குழம்பு" என்றாள். எல்லோரும் சேர்ந்து நறுக்கி, வதக்கி, கொதிக்கவைத்து இறக்கினார்கள். முதல் கவளத்தை வாயில் வைத்த செங்கமலம் கொஞ்ச நேரம் மென்றுகொண்டே இருந்தாள். "காரம் பத்தல" என்றாள் பிறகு. "நாளைக்கு நானே வெக்கிறேன்." "நாளைக்கு என் முறை" என்றாள் உமையாள், தட்டிலிருந்து தலை தூக்காமலே.