துருவனுக்கு மாலை

எங்கள் வீட்டு டிவி நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். கதை இப்படித்தான் போகும் என்று நாங்கள் சொன்னால், அதற்கு நேர்மாறாக மாற்றிவிடும். வீட்டுக்கு வீடு கதை வேறு. அதனால்தான் ‘நிழல்படை’ தொடரின் உளவாளி துருவனை ஒரு வாரமாக வாய் ஓயாமல் ‘துரோகி’ என்று திட்டிவந்தேன். அவன் நல்லவனாகவே இருக்க வேண்டுமே!

நேற்று எபிசோடு தொடங்கும் நேரத்தில் என் வீட்டுக்காரர், “விடு ஹேமா, துருவன் தங்கமான பையன்” என்று என்னைத் தேற்றினார். போச்சு! துருவன்தான் துரோகி. போதாததற்குக் கடைசிக் காட்சியில் நெஞ்சில் குண்டு பாய்ந்து ஆற்றில் விழுந்தான்.

“வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா?” என்று கத்தினேன்.

பாவம், மனிதர் இன்று காலை துருவன் படத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டு, டிவிக்கு எதிரே விளக்கேற்றினார். “துரோகியாவே செத்துட்டியேப்பா!” என்று ஒப்பாரி வேறு.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஜெசிந்தா அக்கா ஓடிவந்தார். “ஐயோ, யாரு தவறிட்டாங்க?”

அவரை வாசலுக்கு இழுத்துப்போய்க் காதோடு சொன்னேன்: “யாரும் தவறலக்கா. புள்ள பிழைக்கணும்னா, உள்ள வந்து நீங்களும் கொஞ்சம் அழுங்க.”