மேகம் பார்க்காத ஜாக்கெட்

பெனடிக்ட் சேகரித்த விமானப்படை ஜாக்கெட்டுகளில் ஒன்றுதான் அசல், மற்றவையெல்லாம் நகல்கள். போன மாதம் வந்த புது ஜாக்கெட்டுக்குத் தானும் நகல் என்பது பெரிய குறை. தோலைத் தேய்த்துப் பழசாக்கியிருந்தார்கள். ஆனால் அது ஒருநாளும் பறந்ததில்லை.

அலமாரியில் பக்கத்தில் தொங்கிய அசலிடம் தினமும் கெஞ்சும். “அண்ணே, மேகத்துக்குள்ள போனா எப்படி இருக்கும்? ஒரு தடவை சொல்லுங்களேன்.”

வீட்டுக்கு வருகிறவர்களும் அசலைத் தடவிக்கொண்டு போர்க்கதையைத்தான் பேசுவார்கள்.

ஒருநாள் அசல் வாய் திறந்தது. “பறந்தது ரெண்டே வருஷம், தம்பி. பயத்துல மேகத்தை எங்க பார்த்தேன்? சண்டை முடிஞ்சதும் என் பைலட்டுக்கு வேலை இல்லாமப் போச்சு. அப்புறம் பதினோரு வருஷம் பால் வண்டி ஓட்டினார். விடியக்காலைக் குளிர்ல சின்ன மகளும் கூட வருவா. என்னைக் கழற்றி அவளுக்குப் போர்த்திட்டு, இவர் நடுங்கிக்கிட்டே ஓட்டுவார். தூக்கத்துல அவ என் காலரைப் பிடிச்சுக்குவா. இப்பவும் அந்தப் பிடிக்குத்தான் ஏங்குறேன்.”

மறுநாள் புது ஜாக்கெட் மேகத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

“அண்ணே, அந்தப் பொண்ணு பேர் என்ன?”

“எஸ்தர்” என்ற அசல் தன் காலரை மெல்ல நிமிர்த்திக்கொண்டது.