அப்ரூவர் வீட்டு நிச்சயம்

"தட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்பு. அப்ரூவர் வீட்டு வெத்தலை பாக்கு இந்த வாசப்படி ஏறாது."

நல்லக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாசலில் நின்ற செல்லதுரை நகரவில்லை.

"அண்ணே, நாளைக்கு நன்னிலத்துலேர்ந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. தெருக்காரங்க ஒருத்தராவது சபையில உக்காரலேன்னா, என் பொண்ணு வேண்டாம்னு திரும்பிடுவாங்க. நீங்க இந்தத் தட்டை வாங்கினா, தெருவே வாங்கிடும்."

"ஏழு வருஷம் ஜெயில்ல கிடந்தவன்டா நான்!"

அந்த ஒரு பேச்சுக்குத் தெருவில் மறுபேச்சு கிடையாது. அரைப்படி நெல் கூலி கூட்டிக் கேட்ட காலம் அது. மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கிக் கதிர் அறுத்தார். வயலில் மூண்ட சண்டையில் அவருடைய காரியக்காரர் செத்துப்போனார். பதினொரு பேர் மேல் கொலை வழக்கு; நல்லக்கண்ணு முதல் குற்றவாளி. செல்லதுரை மட்டும் போலீஸ் பக்கம் சாட்சி சொல்லி, மன்னிப்பு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினான். இருபத்தேழு வருஷமாக அவனுக்கு அப்ரூவர் என்றே பெயர்.

ஆனாலும் மனசு கேட்கிறதா? திருவாரூர் மாநாட்டுக்குக் கொடி பிடித்து நடந்தபோது, காலில் முள் ஏறிய நல்லக்கண்ணுவைப் பாதி வழி முதுகில் சுமந்தவன் இந்தச் செல்லதுரைதான். 'ஒழிக' என்று சொல்லவேண்டிய இடத்தில் 'வாழ்க' என்று கத்தித் தொலைப்பான். சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் வயிறு புண்ணாகும்.

உள்ளேயிருந்து அவர் மனைவி பொன்னுத்தாய் வந்தாள்.

"ஏன் தம்பி, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். எதுக்காக அப்படிப் பண்ணினே? அடி தாங்கலையா?"

"அடியெல்லாம் தாங்கிட்டேன் அண்ணி. அப்புறம் இன்ஸ்பெக்டர் ஒரு காகிதத்தைப் படிச்சுக் காட்டினாரு. அதோட மனசு விட்டுப்போச்சு."

"என்ன காகிதம்?"

நல்லக்கண்ணு சட்டென்று திரும்பினார். செல்லதுரை அவரையே ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"மறந்துபோச்சு அண்ணி. வயசாகுதுல்ல."

நல்லக்கண்ணு எழுந்து வந்து, இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார்.

"நாளைக்கு முதல் ஆளா வந்து உக்கார்றேன்டா."

பொன்னுத்தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை.

'என்னை மன்னித்துச் சாட்சியாக்குங்கள்' என்று, செல்லதுரைக்கு முன்பே நல்லக்கண்ணு கைநாட்டு வைத்துக் கொடுத்து, முதல் குற்றவாளிக்கு மன்னிப்பு இல்லை என்று தள்ளுபடியான மனுதான் இன்ஸ்பெக்டர் படித்துக் காட்டிய அந்தக் காகிதம்.