பத்தாவது பாராட்டு

ஒன்பது.

ஜோலீன் தாளில் போட்ட கோடுகளை மறுபடி எண்ணினாள். ஒன்பதேதான். இது தொடர்ந்து ஆறாவது செவ்வாய்க்கிழமை.

கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் டார்லாவும் அவளுடைய நாலு வயது மகன் வெஸ்லியும் தரையில் உட்கார்ந்து மரக்கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வெறும் முகம் பார்க்கிற கண்ணாடி. டார்லாவின் காதில் குட்டியாக ஒரு இயர்போன்.

பையனுக்கு வைத்தியம் என்று வருகிற அம்மாக்களுக்கு, பரீட்சை தங்களுக்குத்தான் என்று தெரிந்ததும் முகம் சுருங்கிவிடும். முதல் ஐந்து நிமிஷம், சிகிச்சை கொடுக்கிற ஜோலீன் வாயைத் திறக்காமல் எண்ணுவாள். அதற்குள் அம்மா பிள்ளையைப் பத்துத் தடவை பாராட்ட வேண்டும். சும்மா 'சமத்து' என்றால் செல்லாது. என்ன செய்தான் என்று சொல்லிப் பாராட்ட வேண்டும். பத்து வந்தால் தேறினாள், சிகிச்சை முடிந்தது. வராவிட்டால் மீதி நேரம் முழுக்க ஜோலீன் இயர்போனில் சொல்லிக்கொடுப்பாள்.

வெஸ்லி கடித்துக் கடித்தே இரண்டு பாலர் பள்ளிகளிலிருந்து துரத்தப்பட்டவன். இப்போது கட்டையைக் கேட்டு வாங்குகிறான். பிள்ளை தேறிவிட்டான், அம்மா தேறவில்லை என்றால் என்ன அர்த்தம்? ஜோலீனுக்கு ஒன்றும் புரியவில்லை. மைக் ஸ்விட்சை அழுத்தி வழக்கம்போல் ஆரம்பித்தாள்.

"நல்லா பண்றீங்க டார்லா. அவன் சிணுங்கினப்ப குரலை உசத்தாம இருந்தீங்களே, அது பெரிய விஷயம்."

முதல் நாள் இதைக் கேட்டபோது டார்லா யாரைச் சொல்கிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு ஜோலீனுக்குச் சிரிப்பு வந்தது.

"வீட்டுல பழகமாட்டேங்கிறா, வேற என்ன?" என்றார் மேலதிகாரி கார்டெல், நேரம் முடிந்ததும் தாளைப் பார்த்துவிட்டு. "வெளியில பாரு, அந்தப் பச்சை ஸ்வெட்டர் பொண்ணு. இடம் இருக்கா இடம் இருக்கான்னு கேட்டு ரெண்டு மாசமா பிள்ளையைத் தூக்கிட்டு வர்றா. அடுத்த வாரமும் ஒன்பதுன்னா, அம்மா ஒத்துழைக்கலேன்னு எழுதி ஃபைலை மூடிடு."

சனிக்கிழமை கடையில் பில் போடுகிற வரிசையில், ஜோலீனுக்கு இரண்டு ஆள் முன்னால் டார்லா நின்றாள். வெஸ்லி மிட்டாய் கேட்டுத் தரையில் விழுந்து புரண்டான். ஓக்லஹோமாவில் பிள்ளை கத்தினால் கடையே நின்று வேடிக்கை பார்க்கும்.

"நாலு சாத்து சாத்தினா அடங்கும்" என்றாள் ஒரு கிழவி.

டார்லா காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏதோ சாமான் தேடுகிறவளைப் போல அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தியதுதான் தாமதம், குனிந்தாள்.

"நீயாவே அமைதியானியே கண்ணு, எனக்கு எவ்வளவு சந்தோஷம்! ரொட்டியை எடுத்து வெக்கிறியா? நசுங்காம வெச்சே, அருமை! அந்தப் பாட்டிக்கு வழி விட்டே பாரு..."

ஜோலீன் விரல் விட்டு எண்ணினாள். பில் போட்டு முடிவதற்குள் பதினான்கு.

செவ்வாய்க்கிழமை. மூன்றரை நிமிஷத்திலேயே ஒன்பது வந்துவிட்டது. வெஸ்லி ஒரு சிவப்புக் கட்டையை அம்மாவிடம் மெதுவாக நீட்டினான். குருடன்கூடப் பாராட்டுகிற இடம் அது. டார்லா உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஜோலீனுக்குப் பொறுக்கவில்லை. விதியை மீறி ஸ்விட்சை அழுத்தினாள்.

"சனிக்கிழமை உங்களைக் கடையில பார்த்தேன் டார்லா. பதினாலு."

டார்லாவின் கை அப்படியே நின்றது. கண்ணாடியைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது அவள் முகம் மட்டும்தான்.

"பத்து வந்துட்டா இந்த இயர்போனைத் திருப்பிக் கொடுத்துடணும் இல்லையா, மிஸ் ஜோலீன்?"

"ஆமா. அதுக்குத்தானே இத்தனை பாடு?"

"எனக்கு இருபத்தேழு வயசு ஆகுது" என்றாள் டார்லா. "நல்லா பண்றே டார்லான்னு இந்த ஒரு குரல்தான் சொல்லியிருக்கு."

முதல் நாள் சிரித்தது ஜோலீனுக்கு நினைவு வந்தது. வெட்கமாக இருந்தது. கடிகாரத்தில் இன்னும் அரை நிமிஷம்.

வரவேற்பறையிலிருந்து ஒரு குழந்தையின் வீறிடல் கதவைத் தாண்டி வந்தது.

"அந்தப் பச்சை ஸ்வெட்டர் பொண்ணோட குழந்தைதானே?" என்றாள் டார்லா. "வாராவாரம் வந்து கேக்கறாளே, அவளுக்கு எப்ப இடம் கிடைக்கும்?"

"ஒரு இடம் காலியானா" என்றாள் ஜோலீன்.

டார்லா கதவுப் பக்கம் பார்த்தாள். பிறகு மகன் பக்கம் திரும்பி, அவன் இன்னும் நீட்டிக்கொண்டிருந்த சிவப்புக் கட்டையை வாங்கிக்கொண்டாள்.

"அம்மா பேசி முடிக்கிற வரைக்கும் பொறுமையா காத்துட்டிருந்தியே வெஸ்லி. அது ரொம்ப அழகா இருந்தது."

பத்து.

ஜோலீன் கோடு போட்டாள். பேனா சரியாக எழுதாததுபோல் இருந்தது, கண்தான் கலங்கியிருந்தது.

இயர்போனை மேஜையில் வைத்துவிட்டு, மகன் கையைப் பிடித்துக்கொண்டு டார்லா வரவேற்பறைக்குப் போனாள். ஜோலீன் பின்னாலேயே போனாள். பச்சை ஸ்வெட்டர் பெண்ணின் மகள் நாற்காலியை உதைத்து அலறிக்கொண்டிருந்தாள். அறையில் இருந்த எல்லோரும் அந்த அம்மாவை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

டார்லா அவள் எதிரில் போய் நின்றாள்.

"இவ்வளவு கத்தறா, நீங்க குரலை உசத்தாம இருக்கீங்களே. அது பெரிய விஷயம்."

அந்தப் பெண், யாரைச் சொல்கிறாள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள்.