நாற்பது நொடிப் பூச்சு

அவள் உட்காரவில்லை.

நுண்ணோக்கி அறையில் நாற்காலி ஒன்றுதான். அதில் நூர்நிஷா இருந்தாள். இயக்குநர் நிற்க, ஆராய்ச்சி மாணவி உட்கார்ந்திருப்பது இந்தக் கட்டடத்தில் நடக்காத காரியம். எழுந்திருக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றவில்லை. எழுந்திரு என்று இவளுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

திரையில் இரண்டு படங்கள்.

இடப்பக்கம் குருணைகள். கேழ்வரகைக் கொட்டிப் பரப்பியதுபோல. எல்லாம் ஒரே அளவு.

வலப்பக்கம் ஒன்றுமில்லை. வழுவழுவென்று ஒரு பரப்பு, அவ்வளவுதான்.

இரண்டும் ஒரே படலம். ஒரே துண்டிலிருந்து வெட்டியவை.

கதவு வரைக்கும் நடந்தாள். திரும்பினாள். நான்கு எட்டுத் தூரம்.

பதினொரு மணிக்குக் குழு வருகிறது. ஐந்து பேர். இந்தப் பொருளறிவியல் மையம் இன்னும் ஐந்து வருடம் ஓடுமா, இழுத்து மூட வேண்டியதுதானா என்று அவர்கள் சொல்வார்கள். தலைவர் நேற்றே ஃபோனில் கேட்டுக்கொண்டார். ஸ்லைடெல்லாம் வேண்டாம், அந்தக் குருணைகளை நேரில் பார்த்துவிட வேண்டும்.

இப்போது பத்து நாற்பது.

ஒன்பது வருடங்களுக்கு முன், வேதியியல் துறையின் மூலையில் அவள் ஒரு படலம் செய்தாள். உப்புத் தண்ணீரை ஊற்றினால் நல்ல தண்ணீர் சொட்டும். படம் எடுத்தபோது குருணைகள் தெரிந்தன. உப்பைத் தடுப்பது குருணைகள்தான் என்று எழுதினாள். கட்டுரை ஓடியது. குருணைகளின் இடைவெளியைக் கணக்குப் போட இயற்பியல்காரர்கள் வந்தார்கள். பிறகு கட்டடப் பொறியியல். பிறகு உயிரியல். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத ஆறு துறைகள் ஒரே கூரைக்குள் வந்தன. அவளை மேலே உட்கார வைத்தார்கள்.

படலம் இன்றைக்கும் வேலை செய்கிறது. அதில் பொய் இல்லை.

குருணைதான் இல்லை.

போன வாரம் பூச்சு இயந்திரத்துக்கு வேண்டிய ஆர்கான் வாயு தீர்ந்துபோயிருந்தது. நூர்நிஷா நச்சரித்தாள். நுண்ணோக்கியை இருபது வருடமாக ஓட்டுகிற தனிஸ்லாஸ், துண்டைப் பூசாமலே உள்ளே வைத்து, மின்னழுத்தத்தைக் குறைத்து, அரை நாள் மல்லுக்கட்டி அந்த வலப்பக்கத்துப் படத்தை எடுத்துக் கொடுத்தார்.

என்ன பூச்சு என்று இயக்குநரான இவள் இன்று காலைதான் கேட்டாள்.

தங்கம். பிளாஸ்டிக் மாதிரிப் பொருளில் மின்சாரம் ஓடாது. சும்மா வைத்தால் படம் வெளுத்துப்போகும். அதற்காக மேலே துளி தங்கம் பூசுவார்கள். தங்கம் தகடாகப் படியாது. குருணை குருணையாகத்தான் படியும்.

இந்த அறைக்குள் நிற்கிற எவனுக்கும் அது தெரியும் என்றார் தனிஸ்லாஸ்.

அவள் நின்றதில்லை. யாருமே நின்றதில்லை. துண்டைச் சீட்டோடு ஜன்னலில் கொடுப்பார்கள். படம் மெயிலில் வந்துவிடும்.

தனிஸ்லாஸ் நோட்டைத் திறந்து காட்டினார். ஒன்பது வருடத்துப் பக்கங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே அவருடைய கோழிக்கிறுக்கல். தங்கம், நாற்பது நொடி. தங்கம், நாற்பது நொடி.

“நீங்க கேக்கவே இல்லையே மேடம்.”

குற்றமாகச் சொல்லவில்லை. நேரம் கேட்டவருக்குப் பதில் சொல்கிற தொனி.

நூர்நிஷாவுக்குக் கொடுத்த வேலை, குருணைகளைப் பெரிதாக்குவது. மூன்று வருடம். சூட்டை மாற்றினாள், அமிலத்தை மாற்றினாள், ராவும் பகலும் ஊறவைத்துப் பார்த்தாள். குருணை அதே அளவிலேயே நின்றது. உனக்குக் கை வரவில்லை என்று இவள் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை அல்ல.

கதவு வரைக்கும் நடந்தாள்.

இயந்திரம் பழுது என்று சொல்லலாம். நம்புவார்கள். எந்தப் பல்கலைக்கழகத்தில் இயந்திரம் பழுதாகாமல் இருக்கிறது. ஒரு மாதம் கிடைக்கும்.

ஒரு மாதத்தில் என்ன முளைக்கப்போகிறது.

புது ஆர்கான் சிலிண்டர் காலையிலேயே வந்து சுவரோரம் நின்றது. தனிஸ்லாஸ் குழாயை மாட்டி முடித்திருந்தார். இன்று குழுவுக்குக் காட்ட வேண்டிய துண்டு, பூச்சு இயந்திரத்தின் கண்ணாடி மூடிக்குள் காத்திருந்தது.

அவள் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். கத்தட்டும் என்று காத்திருந்தாள். மூன்று வருடத்தைத் திருப்பிக் கேட்கட்டும்.

நூர்நிஷா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“பூசிடுங்கண்ணா. நேரமாச்சு.”

தனிஸ்லாஸ் அசையவில்லை.

“ஜூன்ல நான் தீசிஸ் குடுக்கணும் மேம்,” என்றாள், அதே ஏற்ற இறக்கமில்லாத குரலில். “குருணை இல்லேன்னு சொன்னா எங்கிட்ட என்ன இருக்கு?”

அழுகை இல்லை. கோபம் இல்லை. கடையில் விலை விசாரிக்கிற மாதிரி இருந்தது. இந்த மையத்தில் மூன்று வருடம் கிடந்தவளால்தான் அப்படிக் கேட்க முடியும்.



தனிஸ்லாஸ் வால்வில் கை வைத்தார். மாணவியைப் பார்க்கவில்லை. இவளைப் பார்த்தார். தலையசைக்கக்கூட வேண்டாம். சும்மா நின்றால் போதும். நாற்பது நொடி.

வெளியே பேச்சுக் குரல்கள் கேட்டன. நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

அவள் கதவைத் திறந்துகொண்டு போனாள்.

தூசி ஆகாது என்பதால் அந்த அறைக்கு வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும். நான்கு பேர் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவருக்கு இடமில்லை. சுவரில் கையை ஊன்றி, ஒரு ஷூவை ஏற்கெனவே கழற்றிவிட்டிருந்தார்.

“கழட்டாதீங்க சார். உள்ள பாக்கக் குருணை இல்ல,” என்றாள்.

அவர் ஒற்றைக் காலில் நின்றபடியே நிமிர்ந்து பார்த்தார்.