பேனாப் புள்ளி

பல வருடங்களாகப் புண்ணாகிக் கிடக்கும் எவெலியோவின் பெருங்குடலை நாளை அகற்றுகிறார்கள். இனி மலம் சேரப்போகும் பையை வயிற்றில் ஒட்டும் இடத்தைப் பேனாவால் குறிக்க வந்தாள் நர்ஸ் யாமிலே.

“பையோட இனி பாரங்கியா கார்னிவல்ல நான் எங்க ஆடுறது சிஸ்டர்? இந்த வருஷம் மரிமோண்டா முகமூடி போட்டு முன்வரிசையில ஒருத்தன் ஆடுனானே, பாத்தீங்களா? கொளுத்துற வெயில்ல நாலு மணி நேரம், வாயில விசிலோட. மனுஷனே இல்ல அவன்.”

“ஆடும்போது பேன்ட்டை எங்க கட்டுவீங்க?”

“தொப்புள்கிட்ட. ஏன்?”

“அப்ப கொஞ்சம் கீழ தள்ளிக் குறிக்கிறேன். எனக்குப் பேன்ட் கட்டுற இடத்துலயே பையை வெச்சிட்டாங்க. அந்த நாலு மணி நேரமும் உரசிக்கிட்டே இருந்துச்சு.”

எவெலியோ மெல்ல நிமிர்ந்து, முகமூடியில்லாத அந்த முகத்தை முதல்முறையாகப் பார்த்தான்.