தபால் அக்காவின் பை

"அக்கா தினமும் ஒரு கட்டு கவரை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாங்க, சார். ஒண்ணுலயும் ஸ்டாம்ப் இல்ல. ஸ்டாம்ப் காசு மட்டும் வாரா வாரம் வாங்கிடறாங்க."

கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, கணக்கர் இதை முதலாளியிடம் சொன்னார்.

லிஃப்ட் பராமரிக்கும் சின்னக் கம்பெனி அது. அடுக்குமாடிக் கட்டிடங்களுக்கெல்லாம் மாதா மாதம் பில்லும் சர்வீஸ் நோட்டீஸும் போகும். அனுப்புகிற பெண்மணியை ஆபீஸே தபால் அக்கா என்றுதான் கூப்பிடும். கணக்கர் எல்லோருக்கும் பின்னால் வந்து சேர்ந்தவர். ஏதாவது செய்து நல்ல பேர் வாங்கிவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு.

தபால் செலவு முன்னைவிடக் குறைந்துதானே இருக்கிறது என்று முதலாளி இழுத்தார். திருட்டு நின்றால் இன்னும் குறையும் என்றார் கணக்கர். கையோடு தபால் முத்திரை மெஷின் யோசனையையும் எடுத்துவிட்டார். கவரை உள்ளே விட்டால் கட்டணத்தைத் தேதியோடு அச்சடித்துத் தள்ளும். யார் கையிலும் ஸ்டாம்பும் புழங்காது, காசும் புழங்காது.

மெஷின்காரர் வந்து இனிக்க இனிக்கப் பேசினார். மாத வாடகை கொஞ்சம் கூடுதல், ஆனால் பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம். வருஷ வாடகையை மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம், நடுவில் திருப்பினால் பைசா வராது. தபால் கட்டணத்தை முன்பணமாக ஏற்றிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் பின்னால் பில் கட்டலாம், தாமதமானால் அபராதம்.

கணக்கர் யோசிக்கவே இல்லை. வருஷ வாடகை, முன்பணம். இலவசம் என்ற சொல்லில் விழுந்தவர்தான்.

"உங்க பொறுப்பு" என்று சொல்லி முதலாளி கையெழுத்துப் போட்டார். இனி எல்லாக் கவரும் மெஷின் வழியாகத்தான் போக வேண்டும் என்று உத்தரவும் போட்டார்.

ஸ்டாம்ப் பெட்டிச் சாவியை அக்கா மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார். கணக்கருக்கு அதுவே போதுமான சாட்சியாக இருந்தது.

மாதம் பாதிகூட ஆகவில்லை, ஏற்றிய பணம் தீர்ந்துவிட்டது. மறுபடி ஏற்றினார். அதுவும் கரைந்தது. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தார். வாடகையைச் சேர்க்காமலே தபால் செலவு இரண்டு மடங்கு ஆகியிருந்தது.

மெஷினில்தான் கோளாறு என்று மெஷின்காரருக்குப் போன் போட்டார். மெஷின் தங்கமாக வேலை செய்கிறதாம். திருப்பிக் கொடுத்தாலும் கட்டிய பணம் வராது. சாப்பாட்டு வேளைக்குள் கணக்கோடு வரச் சொல்லியிருந்தார் முதலாளி. வீட்டில் கைக்குழந்தை. வேலை போனால் என்ன செய்வது என்ற பயத்தில் கணக்கர் அதே கணக்கை மறுபடி மறுபடி கூட்டிப் பார்த்தார்.

வேறு வழி தெரியாமல் அக்காவிடமே போய் நின்றார்.

"அக்கா, ஸ்டாம்ப் இருந்தப்போ இவ்வளவு ஆகலையே. எப்படிக்கா?"

அக்கா கவர்களை அடுக்கியபடியே சொன்னார். பாதிக் கட்டிடங்கள் அவர் வீட்டுக்குப் போகிற வழியில்தான் இருக்கின்றன. பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே போய், அந்தக் கவர்களை வாட்ச்மேன்கள் கையில் கொடுத்துவிடுவார். தூரத்துக் கவர்களுக்கு மட்டும்தான் ஸ்டாம்ப் காசு வாங்கியிருக்கிறார். மெஷின் வந்ததிலிருந்து எல்லாமே காசு கொடுத்துத் தபாலில் போகிறது.

கணக்கரின் முகம் செத்துப்போனது.

"பெட்டிச் சாவியைக் கேட்டப்போவாவது சொல்லியிருக்கலாமேக்கா."

"யாரோ என்னைப் பத்தித் தப்பா சொல்லியிருக்காங்க போல. அவங்க பேரைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

பிறகு தன் பையைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். பக்கத்துக் கவர்களை இனிமேல் மெஷினில் விட வேண்டாம், பழையபடி இதில் போட்டுவிடுங்கள், முதலாளியிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார்.

"உங்களுக்கு எதுக்குக்கா இந்த நடை? வெயில்லயும் மழையிலயும்..."

அக்கா கொஞ்சம் தயங்கினார். கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஆபீஸ் செலவு குறையலைன்னா கடைசியா சேர்ந்த ஆளை நிறுத்திடுவேன்னு அன்னிக்கு முதலாளி சொன்னார், தம்பி. நீங்க அப்போதான் குழந்தை பிறந்திருக்குன்னு எல்லாருக்கும் இனிப்பு கொடுத்துட்டுப் போனீங்க."